214-ஆம் லைன் வீட்டின் ஆசைகள்

கரிமண்குன்னில் ஒரு கல்யாணம் நடக்கவேண்டுமென்றால் மூன்று பேர் சம்மதிக்க வேண்டும். பையன், பெண், வடக்கேடத்து அவிராச்சன். முதல் இரண்டு பேர் சம்மதிக்காமல் நடந்த கல்யாணங்கள் உண்டு. மூன்றாவது ஆள் சம்மதிக்காமல் நடந்ததாக சுற்றியுள்ள ஏழு கோயில் பங்குகளின் கல்யாணப் பதிவேட்டிலும் ஒரு வரி கிடையாது.

அவிராச்சன் முப்பத்தோரு வருஷம் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தவர். வீட்டின் பின்பக்கம் போய்க் குனிகிற மனிதனுக்கு, முன்பக்கம் சோபாவில் உட்கார்ந்து கேக் தின்கிறவனுக்குத் தெரியாத ஆயிரம் விஷயம் தெரியும். கொடியில் காயும் துணியைப் பார்த்தே அந்த வீட்டில் யார் யாருடன் பேசுவதில்லை என்று சொல்லிவிடுவார். குப்பைக் குழியில் எத்தனை பாட்டில் கிடக்கிறது என்பதை எண்ணாமலே எண்ணிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு அறிவையும் தண்ணீரில் விடமுடியுமா? வரன் விசாரிக்க ஊருக்குள் வருகிறவர்கள் முதலில் பங்குச் சாமியாரைப் பார்ப்பார்கள். அது மரியாதைக்கு. பிறகு அவிராச்சனைப் பார்ப்பார்கள். அது விஷயத்துக்கு. அவர் காசு வாங்கமாட்டார். பால் விடாத ஒரு கட்டன் சாயாவும், எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கண்கள் விரிவதைப் பார்க்கிற சுகமும் போதும்.

யாரைப் பற்றியும் அவர் கெட்டதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கென்று ஒரு முறை இருந்தது. குடும்பம் நல்ல குடும்பமென்றால் ஆட்களைப் பற்றிப் பேசுவார். பையன் குடிக்கிறவனென்றால் அவன் அம்மாவின் ஜெபத்தைப் புகழ்வார். எதுவுமே சரியில்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு, "அந்த வீட்டுக் கிணத்துத் தண்ணி இருக்கே, கல்கண்டு" என்பார். அவ்வளவுதான். அந்த வீட்டில் தண்ணீரைத் தவிரப் புகழ ஒன்றுமில்லை என்பது கேட்டவர்களுக்குப் புரிந்துவிடும். சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இப்படி நாற்பத்து மூன்று சம்பந்தங்கள் கரிமண்குன்னின் கிணறுகளில் விழுந்து மூழ்கியிருக்கின்றன.

அவருக்கு ஒரே மகள், டெல்னா. இருபத்தெட்டு வயது. பாலா டவுன் ஆஸ்பத்திரியில் மருந்தாளர். அவளுக்கு வந்த வரன்களில் பதினொன்றை அவிராச்சனே மூழ்கடித்தார். பதினொரு தடவையும் டெல்னா தலை நிமிராமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவதாக ஆனக்கல்லு பங்கிலிருந்து கல்லறைக்கல் குஞ்ஞேப்பின் இரண்டாவது மகன் நெவின் வந்தான். மாட்டு டாக்டர். அவன் வருவதற்கு முந்தின நாள் டெல்னா தானாகவே அடுப்பு பற்றவைத்து அச்சப்பம் சுட்டாள். அந்த வாசனை பரவியதும் தாய் ஏலிக்குட்டி சிலுவை போட்டுக்கொண்டாள். பெண்ணுக்குப் பிடித்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் புரிந்தது. தவக்காலம் தொடங்கிவிட்டால் ஐம்பது நாளைக்குக் கோயிலில் நிச்சயமும் கிடையாது, கல்யாணமும் கிடையாது. ஆகவே அதற்கு முந்தின வியாழக்கிழமை மனசம்மதம், அதாவது கோயில் நிச்சயதார்த்தம், என்று நாள் குறித்தார்கள். நிச்சயப் புடவைகூட எடுத்தாயிற்று. பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். டெல்னா தினமும் ஒரு தடவை பீரோவைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு மூடுவாள்.

இது இப்படியிருக்க, அவிராச்சனின் விசாரணை வேலை நாளுக்கு நாள் நவீனமாகிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம், "பையனுக்கு ஏதாவது கெட்ட பழக்கம் உண்டா?" என்று கேட்பார்கள். இப்போது மாத்திரைப் பட்டையைப் படம் பிடித்து அனுப்பி, "பெண்ணோட சித்தப்பா இதைச் சாப்பிடுறாரு, என்ன வியாதி, பரம்பரையா வருமா?" என்கிறார்கள். மீட்டர் பார்த்த அறிவு அதற்குப் போதாது. எனவே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் தேடுவார். வலிப்பு தலைமுறை விட்டு வருமா என்று தேடுவார். குடி மறக்கவைக்கும் ஆஸ்பத்திரிகளில் எது வேறு பேரில் சேர்த்துக்கொள்ளும், விவாகரத்து வழக்கு எத்தனை வருஷம் இழுக்கும், குழந்தையில்லாதவர்களுக்கு எந்த ஊரில் வைத்தியம், ஜப்தியான வீடுகளின் பட்டியல் எங்கே கிடைக்கும். ஏழு பங்குகளின் உடம்பிலும் மனசிலும் உள்ள அத்தனை ஓட்டைகளையும் மூன்று வருஷமாகத் தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து தேடினார்.

ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் ஒரு பெட்டி வந்து நிற்கும். உங்கள் போனில் நாங்களும் எங்கள் எண்ணூற்றுப் பதினான்கு பங்காளிகளும் குக்கி என்று ஒரு சின்ன அடையாளம் வைத்துக்கொள்ளலாமா, சம்மதமா என்று கேட்கும். வாசலில் வந்து நிற்கிறவனை முடியாது என்று அனுப்பி அவிராச்சனுக்குப் பழக்கமில்லை. சம்மதம், சம்மதம் என்று அமுக்கிக்கொண்டே போவார்.

ஒருநாள் டெல்னா பார்த்துவிட்டாள். அப்பாவை அவள் சாச்சா என்றுதான் கூப்பிடுவாள். "சாச்சா, படிச்சுப் பாத்துட்டுக் குடுங்க. இதென்ன கோயில் நேர்ச்சைச் சோறா, கண்ணை மூடிக்கிட்டுக் கை நீட்டறதுக்கு?"

"என்கிட்ட ஒளிக்க என்னடி இருக்கு? நான்தான் ஊரையே பாத்தவன். என்னைப் பாத்து எவனுக்கு என்ன ஆகப்போகுது?" என்றார் சாச்சன்.

முதலில் ஆபத்து வந்தது ஏலிக்குட்டியின் போனில்தான். மீன் மோளி வைப்பது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு நடுவில் ஒரு விளம்பரம். கணவரின் குடியை அவருக்கே தெரியாமல் நிறுத்தலாம், சாம்பாரில் கலக்கும் சொட்டு மருந்து. ஏலிக்குட்டி நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அடுத்த நாள் வலிப்பு நோய்க்கு விசேஷ ஆஸ்பத்திரி. அதற்கடுத்த நாள் டெலிவிஷனில் ஜெபமாலை நிகழ்ச்சிக்கு முன்னால், மறுமணத்துக்குத் தயாரா என்று ஒரு மீசைக்காரன் கேட்டான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஏலிக்குட்டி கணவருக்கு மீனின் வால் துண்டை வைத்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் முறை.

அவிராச்சன் மறுநாளே கருங்கல்லேல் ஜோபியைப் பார்க்கப் போனார். ஜோபி முதலில் டிஷ் ஆண்டெனா வைத்துக் கேபிள் கொடுத்தவன். இப்போது ஏழு பங்குகளுக்கும் இன்டர்நெட் அவனுடைய லைனில்தான் ஓடுகிறது. கோயில் வளைவில் பெயின்ட் கடை மாடியில் ஆபீஸ். நாற்பத்தைந்து வயது, எதற்கெடுத்தாலும் சிரிப்பான்.

"டேய் ஜோபி, என் பொண்டாட்டி மூணு நாளா என் வாயை மோந்து பாக்குறா. உன் லைன்ல என்னதான்டா ஓடுது?"

"சேட்டா, நான் என்ன பண்ணுவேன். உங்க வீடு கேக்குது, அது குடுக்குது."

மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. சாப்பாட்டு அடுக்குப் பாத்திரம் அளவுதான் இருக்கும். முன்னால் ஒரு பச்சை விளக்கு, இமைக்காத கண் மாதிரி. கொச்சியில் ஒரு விளம்பரக் கம்பெனி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது என்றான் ஜோபி. இது ஒவ்வொரு வீட்டு லைனுக்கும் ஓர் அடையாளம் ஒட்டும். அந்த வீட்டு ஆட்கள் இணையத்தில் எங்கே போனாலும் அடையாளமும் கூடப் போகும். எங்கெங்கே போனார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று பெட்டி கொச்சிக்குச் சொல்லும். பெட்டிக்குத் தெரியாத மிச்சத்தை, அவர்களே சம்மதித்து வாங்கி வைத்துக்கொண்ட குக்கிகள் சொல்லும். கொச்சிக்காரர்கள் எல்லாவற்றையும் சேர்த்து, இன்ன வீட்டுக்கு இன்ன ஆசை என்று பட்டியல் எழுதி ஜோபிக்கு அனுப்புவார்கள். எந்த நகைக்கடை விளம்பரத்தை எந்த வீட்டுக்கு விடுவது என்று அதைப் பார்த்துத்தான் அவன் முடிவு செய்கிறான்.

"பேரெல்லாம் கிடையாது சேட்டா. வெறும் லைன் நம்பர்தான். கொச்சிக்காரங்க அதுல ரொம்பக் கண்டிப்பு. ஒருத்தருடைய அந்தரங்கம் இருக்கில்ல?" என்றான் ஜோபி பெருமையாக.

எந்த நம்பர் எந்த வீடு என்று ஜோபியே கொட்டை கொட்டையாக எழுதிய அட்டை அவன் தலைக்கு மேல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவிராச்சன் அதைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக நடந்து, நாய்க்கடி வாங்கி, குனிந்து குனிந்து முதுகை உடைத்துக்கொண்டு சேர்த்ததெல்லாம் இதோ, ஏசி அறையில், உட்கார்ந்த இடத்தில். வந்த காரியம் மறந்துபோயிற்று. தன் வீட்டு நம்பருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவேண்டும் என அவருக்குத் தோன்றவே இல்லை. தன் வீட்டைப் பற்றித்தான் அவருக்குத் தெரியுமே.

"131 யாருடா? கல்லறைக்கல் குஞ்ஞேப்பு வீடா? சும்மா காட்டேன். நம்ம டெல்னா போகப்போற வீடுதானே."

ஜோபி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரையைத் திருப்பினான். நாய்த் தீனி, கோமாரித் தடுப்பூசி, பழைய பாட்டுகள், ரப்பர் ஷீட் விலை. அவிராச்சன் நாற்காலியிலேயே ஒரு தடவை குதித்தார். தங்கம். சுத்தத் தங்கம்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சேட்டா."

"நான் யாருகிட்டடா சொல்லப்போறேன்" என்றார் அவிராச்சன். அவரை அறிந்தவர்கள் கேட்டிருந்தால் அப்போதே ஊரைக் காலி செய்திருப்பார்கள்.

அந்த வாரமே ஓர் ஆள் வந்தான். வளைகுடாவில் வேலை, காஞ்சிரப்பள்ளிப் பக்கம் வீடு. தங்கை மகனுக்கு ப்ரின்சியைப் பார்த்திருக்கிறார்களாம். ப்ரின்சி மூன்று தெரு தள்ளியிருக்கும் தொம்மியின் மகள், டெல்னாவுடன் பள்ளியில் படித்தவள். அவனை மறுநாள் வரச்சொல்லிவிட்டு அவிராச்சன் ஜோபியிடம் ஓடினார். தொம்மி வீட்டு லைன் 88. மனநல ஆஸ்பத்திரி. மனச்சோர்வு. தூக்க மருந்து. தற்கொலை எண்ணம் வந்தால் என்ன செய்வது. அடேயப்பா, முப்பத்தோரு வருஷம் அந்த வீட்டுப் பின்பக்கம் போயும் ஒன்றுமே தெரியவில்லையே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

மறுநாள் அந்த ஆளிடம், தொம்மி வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கல்கண்டு என்றார்.

வளைகுடாக்காரனுக்கு ஊர் முறை தெரியவில்லை. "தண்ணி எனக்கு எதுக்கு சேட்டா? பொண்ணு எப்படி?"

இரண்டு தடவை கிணற்றைச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை பொறுமை போய், ஜோபியின் பட்டியலையே சொல்லிவிட்டார். அந்தக் கல்யாணம் நின்றது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வளைகுடாக்காரன் காஞ்சிரப்பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள், வழியிலிருந்த ஒவ்வொரு சாயாக்கடையிலும் ஜோபியின் பட்டியலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறான்.

கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஏழு பங்குகளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. வரன் விசாரிக்க வருகிறவர்கள் கோயிலைத் தாண்டி நேரே பெயின்ட் கடை மாடிக்குப் படியேறினார்கள். ஜோபிக்கு வான்கோழியும் வாழைக்குலையுமாக வந்து குவிந்தது. மனிதர்கள் மாறிப்போனார்கள். வீட்டில் யாராவது போனை எடுத்தால் மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தலைவலிக்கு மருந்து தேடக்கூட ஆட்கள் பஸ் ஏறித் தொடுபுழாவுக்குப் போய், அங்கே பஸ் ஸ்டாண்டில் நின்று தேடிவிட்டுத் திரும்பினார்கள். பாவசங்கீர்த்தனக் கூண்டில் வரிசை குறைந்துவிட்டது என்று சாமியார் வருத்தப்பட்டாராம். எல்லாப் பாவமும் ஏற்கெனவே ஜோபிக்குத் தெரியும்போது அவரிடம் வந்து எதற்கு வரிசையில் நிற்பார்கள்?

மனசம்மதத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் குஞ்ஞேப்பு வந்தார். தனியாக வந்தார். டெல்னா வேலைக்குப் போயிருந்தாள். ஏலிக்குட்டி சமையலறையில் சம்பந்திக்காக அவசரமாக நேந்திரம் சிப்ஸ் வறுக்க ஆரம்பித்தாள். சாயா கொண்டுவரட்டுமா என்றதற்குக் குஞ்ஞேப்பு வேண்டாமென்று கையாட்டினார். ஒரு கிளாஸ் தண்ணீர் போதும் என்றார்.

மாட்டுச் சந்தை, ரப்பர், சாமியாரின் முழங்கால் வலி என்று கொஞ்ச நேரம் பேச்சு போயிற்று. குஞ்ஞேப்பு கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். பிறகு அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார். கிளாஸை மேஜையில், சத்தம் வராமல், மெதுவாக வைத்தார்.

"நல்ல தண்ணி, அவிராச்சா" என்றார். "கல்கண்டு."

சமையலறையில் எண்ணெய் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

குஞ்ஞேப்பு செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைக் கவனமாகச் சாத்தி, கொக்கியும் போட்டுவிட்டுப் போனார். அவிராச்சன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்து மூன்று தடவை சொன்ன வார்த்தை. அது காதுக்கு எப்படிக் கேட்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

ஏலிக்குட்டி சமையலறை வாசல்படியில் வந்து நின்றாள். "இந்தா மனுஷா, அவரு என்ன சொல்லிட்டுப் போறாரு?"

"தண்ணி நல்லாருக்காம்."

அவள் அரிசி டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பொண்ணுகிட்ட யாரு சொல்றது?" என்றாள்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள்ல சரி பண்ணிடறேன். முடியலேன்னா நானே சொல்றேன். நீ வாயைத் திறக்காத."

பெயின்ட் கடை மாடிப் படிகளை அவர் ஒரே மூச்சில் ஏறினார். ஜோபி இந்தத் தடவை சிரிக்கவில்லை. கேட்காமலே அவிராச்சன் வீட்டு லைன் 214-ஐத் திறந்து திரையைத் திருப்பினான். வலிப்பு. குடி. விவாகரத்து. குழந்தையின்மை. ஜப்தி. தோல் வியாதி. சிறைக் கைதிகளின் உறவினர்களுக்கான சட்ட உதவி. மறுமணம். ஜோபி விரலால் தள்ளிக்கொண்டே போனான், பட்டியல் முடியவில்லை. தெருவில் தபால்காரர் வந்து போய், பள்ளிக்கூட மணி அடித்து, மழை வந்து ஓய்ந்தது போல அவிராச்சனுக்கு இருந்தது, பட்டியல் அப்போதும் முடியவில்லை.

"ஏழு பங்குலயும் இவ்வளவு நீள லிஸ்ட் வேற கிடையாது சேட்டா. இது வீடா ஆஸ்பத்திரியான்னு கொச்சிக்காரங்களே போன் பண்ணிக் கேட்டாங்க."

"டேய், இதெல்லாம் நான் அடுத்தவனுக்காகத் தேடினதுடா."

"எனக்குத் தெரியும் சேட்டா. பெட்டிக்குத் தெரியாதே. யாரு தேடினா, யாருக்காகத் தேடினான்னு அதுல கட்டம் கிடையாது."

"அழிச்சுடு."

"இங்க அழிச்சு என்ன பண்றது. கொச்சியில இருக்கு. கொச்சியில இருந்து எங்கெங்க போயிருக்குன்னு கொச்சிக்கே தெரியாது."

"என்னைக் கேக்காம எப்படிடா எழுதினாங்க?"

ஜோபி மேஜை அறையைத் திறந்து, மூன்று வருஷத்துக்கு முந்தைய இன்டர்நெட் இணைப்பு விண்ணப்பத் தாளை எடுத்து வைத்தான். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் பதினான்காவது விதி, லைனில் போவதையெல்லாம் குறித்துக்கொள்ளச் சம்மதம் என்று. அதற்குக் கீழே அவிராச்சனின் கையெழுத்து, கடைசி எழுத்தில் அவர் எப்போதும் போடும் பெரிய சுழியோடு.

கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு இரண்டு பேரின் பெயரையும் உரக்கப் படிப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்பார்கள். பெயரைச் சொல்லி, ஊர் கேட்க, எதிரில் வந்து பேச இடம் கொடுத்துத்தான் அங்கே எல்லாம் நடக்கும். இந்தப் பெட்டி மூன்று வருஷமாக எந்த ஞாயிறு, எந்த ஊரில், யார் காதில் தன் வீட்டுப் பெயரைப் படித்தது? எங்கே போய் ஆட்சேபணை சொல்வது? அவிராச்சன் அதன் பச்சைக் கண்ணைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது டெல்னா உற்சாகமாக இருந்தாள். மனசம்மதத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பத்தொன்பது பேர் வருகிறார்களாம். பேச்சோடு பேச்சாக, "ப்ரின்சி ரிசல்ட் வந்துடுச்சு சாச்சா, ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றாள்.

"என்ன ரிசல்ட்?"

"தபால்ல மனோதத்துவம் எம்.ஏ. படிச்சாளே. மூணு வருஷமா பாவம், எந்நேரமும் அந்த வியாதி இந்த வியாதின்னு படிச்சுக்கிட்டே கிடந்தா. ஆனா அவ கல்யாணம் நின்னுடுச்சு. எவனோ ஏதோ சொல்லிட்டானாம்."

அவிராச்சன் தொண்டையில் முள் சிக்கியது போல இருமினார். அன்று சமைத்திருந்தது பருப்பு. ஏலிக்குட்டி அவர் பக்கம் தண்ணீரை நகர்த்தினாள். அவர் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலை அவர் ஆனக்கல்லுக்குப் பஸ் ஏறினார். குஞ்ஞேப்பு வீட்டில் தனியாகப் பேசலாம் என்று நினைத்துப் போனவருக்கு, முன்னறையில் ஒரு சபையே காத்திருந்தது. குஞ்ஞேப்பின் தம்பிகள் இரண்டு பேர், ஒரு மைத்துனர், ஓர் அத்தை. உள்கதவோரம் மூத்த தம்பியின் மனைவி ரோசிலி சாயாத் தட்டோடு நின்றாள். நெவின் தொழுவத்துக்குப் போயிருந்தான். அல்லது அனுப்பப்பட்டிருந்தான்.

அவிராச்சன் எல்லாவற்றையும் சொன்னார். தன் வீட்டில் யாருக்கும் எந்த நோயும் இல்லை, எல்லாம் பிறர் கேட்டுத் தேடியது, பெட்டிக்கு ஆள் தெரியாது, ப்ரின்சி விஷயத்தில் தானே ஏமாந்துவிட்டேன் என்று. இவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் அவர் வாழ்நாளில் பேசியதில்லை. மூச்சு வாங்கியது.

குஞ்ஞேப்பு பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதரல்ல. "அவிராச்சா, எனக்கும் உங்க பொண்ணு மேல ஆசைதான். பையன் ரெண்டு நாளா சாப்பிடல. ஆனா வாய்ச்சொல்லை மட்டும் வச்சு நான் எப்படி? நீங்களே என் எடத்துல இருந்தா விடுவீங்களா?"

விடமாட்டார். அது அவருக்குத் தெரியும்.

"ஒண்ணு பண்ணுங்க" என்றார் குஞ்ஞேப்பு. "உங்க வீட்டுது இல்லேன்னா யாரு வீட்டுதுன்னு சொல்லுங்க. ஒவ்வொண்ணா வேண்டாம். பயந்தது வலிப்புக்குத்தான். அது யாருக்காகத் தேடினீங்க? பேரைச் சொன்னா போதும், குறிச்ச வியாழக்கிழமையே மனசம்மதம்."

நாற்காலிகள் லேசாகக் கிரீச்சிட்டு முன்னால் நகர்ந்தன. அத்தை காது மெஷினைச் சரிசெய்துகொண்டாள்.

அவிராச்சனுக்கு இதைவிட எளிய கேள்வியை யாரும் கேட்டதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் சங்கனாச்சேரியிலிருந்து, பெண் கொடுக்க நினைத்த ஒரு குடும்பம் மாத்திரைப் பட்டையின் படத்தை அனுப்பிக் கேட்டது. அந்தப் பட்டை இந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுக் குப்பையில் எடுக்கப்பட்டது. ரோசிலியின் மகனுடையது. ஐந்து வயதிலிருந்து வலிப்பு. ரோசிலி புருஷனின் அண்ணன் குஞ்ஞேப்புக்கும் தெரியாமல், இருபது வருஷமாக மாத்திரையை ஜெபப் புத்தகத்தின் உறைக்குள் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு அவிராச்சன் ஏனோ இரக்கப்பட்டு அந்தக் குடும்பத்திடம் வாயைத் திறக்கவில்லை. பையனுக்கு இப்போது வேறிடத்தில் பேசி, ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம்.

ஒரு வார்த்தை போதும். இந்தக் குடும்பத்திலேயே இருக்கிறது என்று சொன்னால், குஞ்ஞேப்பு இனி அவர் வீட்டைப் பற்றி வாயைத் திறக்க முடியாது. டெல்னா பீரோவைத் திறந்து அந்தப் புடவையை வெளியே எடுப்பாள்.

அவர் நிமிர்ந்தார். ரோசிலியின் தட்டில் சாயாக் கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதிச் சின்னச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வார்த்தை நாக்கு நுனிவரை வந்து, உட்கார்ந்து, அவரைப் பார்த்துச் சிரித்தது. அறுபத்தொரு வருஷத்தில் ஒரு விஷயத்தை நாக்கு நுனியிலிருந்து திருப்பி அனுப்புவது எப்படியென்று அவருக்குப் பழக்கமில்லை.

"கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

ரோசிலிதான் கொண்டுவந்தாள். பாதி அவர் சட்டையில் சிந்தியது. மீதியைக் குடித்தார். குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் குஞ்ஞேப்பு, "அப்ப அவ்வளவுதானா அவிராச்சா?" என்று கேட்டது பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. ஏலிக்குட்டி முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். டெல்னாவின் பஸ் ஐந்தே காலுக்கு. அதற்குள் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவேண்டும். நாற்பத்து மூன்று சம்பந்தங்களை முறித்தவர், ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே அதைச் சொன்னதில்லை. அதெல்லாம் அந்தந்த வீட்டுக்காரர்கள் பாடு. அந்த அறைகளில் என்ன நடந்தது என்று முதல் முறையாக யோசித்தார். எப்படி ஆரம்பிப்பார்கள்? பெண்ணை உட்காரச் சொல்வார்களா? சாப்பிட்டபிறகா, முன்பா?

யாரைப் போய்க் கேட்பது? கை தானாகப் போனை எடுத்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிச்சயித்த கல்யாணம் நின்றுவிட்டால் மகளிடம் எப்படிச் சொல்வது என்று ஒற்றை விரலால் தட்டினார். ஒரு பக்கம் திறந்தது. பெட்டி வந்து நின்றது. கண் கலங்கியிருந்ததால் எழுத்து தெரியவில்லை. கட்டைவிரலுக்கு வழி தெரிந்திருந்தது. சம்மதம்.

அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். இன்னும் நாலைந்து பக்கங்கள் திறந்தார். முதலில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எல்லாவற்றிலும் எழுதியிருந்தது. உங்கள் வாயாலேயே சொல்லுங்கள், வேறு வழியாக அவளுக்குத் தெரியவரக் கூடாது என்று ஒன்றில் எழுதியிருந்தது. அது சரியென்று பட்டது. எழுந்து முகம் கழுவி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, முன்னறையில் எதிரெதிராக இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

டெல்னா பின்வாசல் வழியாக வந்தாள். சமையலறையில் அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். சாயா கலக்கும் சத்தம் கேட்டது. அவிராச்சன் சட்டையின் மேல் பட்டனைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

அவள் ஒரு கையில் கிளாஸும் மறு கையில் போனுமாக வந்து நின்றாள். போனை அவர் பக்கம் திருப்பினாள். ஜன்னலோரம் ஒரு பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் படம். நிச்சயித்த திருமணம் நின்றுவிட்டதா? நீங்கள் தனியாக இல்லை. முதல் ஆலோசனை இலவசம்.

"வீட்டுக்குள்ள நுழைஞ்சதுலருந்து இதுவே வருது சாச்சா. மறுபடி ஊர் விஷயம் தேட ஆரம்பிச்சுட்டீங்களா?" டெல்னா அலுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "இப்ப யாரு வீட்டுக் கல்யாணம் நின்னுது?"

அவிராச்சன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் ஆச்சரியமாக அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு எதிரெதிராகப் போட்டிருந்த நாற்காலிகளை, துவைத்த சட்டையை, சமையலறை வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் அம்மாவை.

அவர் வாயைத் திறப்பதற்குள் போனில் படம் மாறியது. ஏதோ ஒரு ஜவுளிக்கடை, பிரிக்காத நிச்சயப் புடவைகளை நல்ல விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. காட்டிய புடவை பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு நிறம்.